ஞாயிற்றொளிப் பண்ணையும் கமக்காரர் காணியும்

கமத்தொழிலுக்கு முதல்வன் ஞாயிறு. கடல் நீரை முகிலாக்கி மழையாகப் பொழிவிப்பவன் அவன். பயிருக்கு உயிர் கொடுப்பவன் அவன். அறுத்த கதிரைக் களத்திலே காயவைத்துக் கூடையிற் சேர்க்கத் துணை செய்பவனும் அவனே. இக்காரணம் பற்றியே நம் முன்னோர் தைத் திங்கள் முதல் நாளிலே புத்தரிசிப் பொங்கலை முற்றத்தில் அவனுக்குப் படைத்து, அதன் பின்னரே தாம் உண்டனர். ஆயினும் அந்நாள் தொட்டு மனிதர் ஞாயிற்றின் ஒளியை நேரே அறுவடை செய்தாரல்லர். பயிர் அவ்வொளியை உண்டு நெல்லாகவும் குரக்கனாகவும் மாற்றித் தர, அதனையே அறுத்து வந்தனர். பயிரின் துணையின்றி ஒளியை நேரே மின்னாக மாற்றி எடுக்கும் பண்ணைகள் நம் காலத்திலே தோன்றி, ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்பிலே விரிந்து வருகின்றன.

இவற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளின் திறத்தையும் மின்னின் அளவையுமே எடுத்துரைப்பர். அவை அறிய வேண்டுவனவே. எனினும், கமக்காரர் வாழும் ஊரொன்றிலே இத்தகைய பண்ணை அமைய வரும்போது ஊராரை முதலில் எதிர்கொள்வது காணி வினாவாகும். காணி எவருடையது? அதனை எம்முறையிற் பெறுவது? உறுதி தம் பெயரில் இல்லாது அக்காணியில் உழைத்துண்டவர் இனி எதனைக் கொண்டு வாழ்வர்? பண்ணையின் ஆயுள் முடிந்தபின் நிலம் எந்நிலையில் உடையவன் கைக்கு மீளும்? இவற்றுக்கு விடை காணாது எழுப்பப்படும் பண்ணை மின்னைத் தரும். ஊருக்கு நலத்தைத் தரும் என்பதற்கு உறுதியில்லை. இதனைத் தென்னிந்தியாவிலே கர்நாடக மாநிலத்துப் பாவகடா என்னும் ஊர்ப்புறத்தின் அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வாம்.

ஒளி மின்னாகும் முறை

ஒளி படுவதால் மின் பிறக்கும் என்பதை 1839 இலே பிரான்சு தேசத்து எட்மன் பெக்கரல் என்னும் அறிஞர் கண்டறிந்தார். அது நெடுங்காலம் ஆய்வுகூடத்து வியப்பாகவே இருந்தது. 1954 இலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சேப்பின், புல்லர், பியேர்சன் என்னும் மூவர் சிலிக்கன் என்னும் மூலகத்தைக் கொண்டு, தன்மேற் படும் ஒளியின் நூற்றில் ஏறத்தாழ ஆறு பங்கை மின்னாக்கும் கலமொன்றை ஆக்கினர். நான்கு ஆண்டுகளின் பின், 1958 இல், வான்காட்டு என்னும் சிறு செய்மதி அத்தகைய கலங்களைத் தாங்கி விண்ணிற் சென்றது. இன்று சந்தையில் விற்கப்படும் நல்ல தகடுகள் நூற்றில் இருபது பங்குக்கு மேல் மாற்றவல்லன.

சிலிக்கன் என்பது மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஒரு குறைகடத்தி. அதன் மெல்லிய தகட்டின் ஒரு முகத்திலே பொசுபரசையும் மற்றை முகத்திலே போரனையும் மிகச் சிறிதளவு கலப்பர். இவ்விரு முகங்களும் சந்திக்குமிடத்தில் ஒரு மின்புலம் நிலைபெறுகின்றது. ஒளி பட்டதும் சிலிக்கனிலே கட்டுண்டிருந்த இலத்திரன்கள் விடுபடுகின்றன. அம்மின்புலம் அவற்றை ஒரு திசை நோக்கித் தள்ளுகின்றது. கம்பியாற் சுற்றை முடித்துவிட, மின்னோட்டம் பாய்கின்றது. எரிவது யாதுமில்லை; சுழல்வது யாதுமில்லை; புகையுமில்லை. வயல் வரம்பில் வாய்க்கால் வெட்டி நீரை ஒரு பக்கமாகவே ஓடச் செய்வது போன்றது இது.

ஒரு கலம் தருவது அரை வோற்று அளவே. ஆகையாற் பல கலங்களைத் தொடராக இணைத்துக் கண்ணாடியின்கீழ் அடைத்துத் தகடாக்குவர்; தகடுகளை வரிசையாக நிறுத்துவர். அவை தருவது நேரோட்டம். நேர்மாற்றி என்னும் கருவி அதனை ஆடலோட்டமாக்க, நிலைமாற்றிகள் அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி நாட்டின் மின்வலையிற் சேர்க்கின்றன.

இனி நிலத்தின் கணக்கைக் காண்பாம். தெளிந்த நண்பகலிலே ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறத்தாழ ஒரு கிலோவாற்று ஒளி விழுகின்றது. நூற்றுக்கு இருபது பங்கு மாற்றும் தகடு அதில் 200 வாற்றைத் தரும். எனவே ஒரு மெகாவாற்றுக்கு 5,000 சதுர மீற்றர், அதாவது ஒன்றேகால் ஏக்கர் தகடு வேண்டும். ஒரு வரிசையின் நிழல் மற்றொன்றின்மேல் விழாதிருக்க இடைவெளி விடவேண்டும். பாதைகளுக்கும் நிலைமாற்றிகளுக்கும் இடம் வேண்டும். இவ்வாறு கூட்டின், மெகாவாற்று ஒன்றுக்கு நான்கு முதல் ஆறு ஏக்கர் வரை செல்லும். அனல் நிலையமொன்று சில நூறு ஏக்கரில் அடங்க, ஒளிப்பண்ணை ஊர்களையே வளைத்துக் கொள்வதன் காரணம் இதுவே.

பாவகடா

பாவகடா பெங்களூருக்கு வடக்கே, துமகூரு மாவட்டத்திலே, பெரும்பாலும் ஆந்திர மாநிலத்து நிலங்களாற் சூழப்பட்டுக் கிடக்கும் பகுதி. பாறைக் குன்றுகளும் செம்மண்ணும் நிறைந்த இப்பகுதியிலே மழை குறைவு. அறுபது ஆண்டுக் காலத்துள் ஐம்பது முறைக்கு மேல் அரசினால் வறட்சிப் பகுதியென அறிவிக்கப்பட்டதென்பர். மழையை நம்பி நிலக்கடலையும் குரக்கனும் விதைப்பர். மழை பொய்த்தால் விதைத்ததும் மீளாது. ஆழ்கிணறு தோண்டியோர் பலருக்குக் கிடைத்தது வற்றிய துளையும் தீராக் கடனும். கிடைத்த நீரும் புளோரைட்டு மிகுந்தது. ஆகவே இளைஞர் வேலை தேடிப் பெங்களூர் செல்வது நெடுநாள் வழக்கமாயிற்று.

இவ்வூர் சனீசுவரன் திருக்கோயிலாற் பெயர் பெற்றது. சனி பகவான் சூரியன் மைந்தன் என்பது புராண மரபு. மைந்தனை வழிபட அடியார் திரளும் ஊரிலே, இத்தனை காலமும் பயிரைக் காய்த்துவந்த தந்தையின் வெயிலே ஒரு வருவாயாகும் காலம் வந்தது.

2014 திசெம்பரிலே இந்திய மத்திய அரசு பெரிய ஞாயிற்றொளிப் பூங்காக்களை அமைக்கும் திட்டமொன்றை வகுத்தது. அதன்கீழ் 2015 மார்ச்சிலே மத்திய, மாநில அரசு நிறுவனங்கள் இரண்டு சேர்ந்து கர்நாடக சூரியவலு அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தை நிறுவின. பாவகடாப் பகுதியிலே திருமணி, வள்ளூர், பாலசமுத்திரா, கியாதகானசெர்லு, ராயசெர்லு என்னும் ஐந்து ஊர்களிலே ஏறத்தாழ 13,000 ஏக்கர் தெரிந்தெடுக்கப்பட்டது. 2018 மார்ச்சு முதலாந் திகதி பூங்காவின் முதற் பகுதி திறந்து வைக்கப்பட்டது. 2019 இறுதியில் 2,050 மெகாவாற்று என்னும் முழு அளவும் நிறைவெய்தியது. "சக்தி ஸ்தலம்" என்று அதற்குப் பெயரிட்டனர்.

அதன் அளவை ஒரு கணக்கால் உணரலாம். 2,050 மெகாவாற்று ஆண்டு முழுவதும் இரவு பகலாக இயங்குமாயின் ஏறத்தாழ 1,796 கோடி அலகு மின் பிறக்கும். இரவுண்டு, முகிலுண்டு, காலையும் மாலையும் ஒளி சாய்வுண்டு. ஆகையால் ஐந்தில் ஒரு பங்கே கிடைக்குமெனக் கொள்ளினும் 360 கோடி அலகு வரை ஆகும். இது நம் இலங்கை முழுவதும் ஓராண்டிற் பிறப்பிக்கும் மின்னில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு நிகர்.

விலையன்று, குத்தகை

இத்தகைய பெரும் பரப்பைப் பெறுவதற்கு அரசுகள் வழக்கமாகக் கையாளுவன இரண்டு வழிகள். ஒன்று, பொதுத் தேவையின் பெயராற் சட்டத்தைக் கொண்டு நிலத்தை எடுத்தல். ஆங்கிலேயர் 1894 இல் இயற்றிய சட்டம் இந்தியாவில் நூற்றாண்டுக்கு மேல் இதற்குக் கருவியாயிற்று. அதனாற் பட்ட துன்பங்களின் விளைவாகவே 2013 இலே, உடையவர் இசைவையும் மீள்குடியேற்றத்தையும் வற்புறுத்தும் புதிய சட்டம் வந்தது. மற்றொன்று, விலைக்கு வாங்குதல். விற்ற கமக்காரன் கையிலே ஒருமுறை பணம் புரளும். அது கலியாணத்திலும் கடனிலும் கரையும். பின்னர் நிலமுமில்லை, பணமுமில்லை.

பாவகடாவிலே இவ்விரண்டையும் விடுத்து மூன்றாவது வழியைக் கொண்டனர். கூட்டுத்தாபனம் கமக்காரர் ஏறத்தாழ 2,300 பேரிடமிருந்து நிலத்தை 28 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது; பெற்ற நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, மின் பிறப்பிக்கும் நிறுவனங்களுக்கு வழங்கியது. உடைமை கமக்காரனிடமே நின்றது. நிறுவனமொன்று நொடிந்தாலும் கைமாறினாலும், அவனுக்குக் குத்தகை தரவேண்டியது பொதுக் கூட்டுத்தாபனமே. குத்தகைப் பணம் ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 21,000 ரூபா. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நூற்றுக்கு ஐந்து வீதம் உயரும். அடிப்படை வீதத்திற் கணித்தால், 13,000 ஏக்கருக்கும் ஆண்டொன்றுக்கு 27 கோடி ரூபாவுக்கு மேல் அவ்வூர்களிற் சென்று சேரும்.

மழை பொய்த்த ஆண்டில் ஒன்றுமே தராத நிலத்துக்கு, மழையைக் கேளாது வரும் இவ்வருவாய் பெரும் பேறே. கடன் தீர்த்தோரும் வீடு திருத்தியோரும் பிள்ளைகளை உயர்கல்விக்கு அனுப்பியோரும் அங்குண்டு. பாட்டன் பெயரில் முடங்கிக் கிடந்த காணிகளுக்கு உரிமை தெளிவுபடவும் வேண்டியதாயிற்று. உரிமை தெளியாதவனுக்குக் குத்தகை எழுத வழியில்லை அல்லவா?

ஆயினும் ஒப்பந்தத்தின் ஒரு வரியை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஐந்து வீதம் என்பது ஆண்டுக்கு இரண்டரை வீதத்துக்கும் சற்றுக் குறைவு. இந்திய மத்திய வங்கி விலைவாசி உயர்வுக்குக் குறித்திருக்கும் இலக்கோ ஆண்டுக்கு நான்கு வீதம். இலக்களவே விலைகள் உயர்ந்தாலும் 18 ஆண்டில் அரிசி, துணி யாவும் இருமடங்கு விலையாகும். அப்பொழுது குத்தகை 32,600 ரூபா அளவில் நிற்கும். வாங்கும் ஆற்றல் குன்றாதிருக்க வேண்டுமாயின் அது 42,500 ரூபாவாக இருத்தல் வேண்டும். 28 ஆண்டின் இறுதியிலே குத்தகை 39,600 ரூபாவை எட்டும். எண் வளரும், அதன் பொருள் தேயும். இக்கணக்கு நம் எட்டாம் வகுப்பு மாணவனும் செய்யத்தக்க கூட்டுவட்டிக் கணக்கே. கையெழுத்திடுவதற்கு முன்னர் ஊரிலே ஒருவர் கரும்பலகையில் அதனைச் செய்துகாட்டுவாராயின், பேரம் வேறாக அமைதல் கூடும்.

காணியில்லாதார் கதி

குத்தகையின் நன்மை உறுதியுள்ளவனுக்கே. மூன்று ஏக்கர் உடையவன் ஆண்டுக்கு 63,000 ரூபா பெற, நாற்பது ஏக்கர் உடையவன் 8,40,000 ரூபா பெறுகின்றான். ஓர் ஏக்கரும் இல்லாதவன் பெறுவது யாது?

நிலக்கடலை விதைத்த காலத்திலே அந்நிலம் உடையவனுக்கு மாத்திரம் சோறு போட்டதன்று. களை பிடுங்கிய பெண்கள், கொடி பறித்துக் காய் ஆய்ந்தோர், ஏர் கட்டியோர், மூடை சுமந்தோர் எனப் பலர் அதனால் வாழ்ந்தனர். அறுவடை முடிந்த தரையிலே இடையர் ஆடுகளை மேய்த்தனர்; ஆட்டெரு நிலத்துக்கு உரமாயிற்று. எல்லையோரத்துக் கள்ளியும் முள்ளும் ஏழையின் அடுப்புக்கு விறகாயின. இவ்வுரிமைகள் எவையும் எந்த உறுதியிலும் எழுதப்பட்டனவல்ல. வழக்கத்தினால் வந்தவை அவை. வேலி அடைத்த அன்றே மறைந்தன.

பண்ணை கட்டப்படும் காலத்தில் வேலை நிரம்ப உண்டு. தூண் நாட்டவும், தகடு ஏற்றவும், கம்பி இழுக்கவும் ஆயிரக்கணக்கானோர் வேண்டும். கட்டி முடிந்தபின் வேண்டுவோர் சிலரே. கருவிகளைக் கண்காணிக்கும் பயின்ற பொறிஞர் வெளியூரிலிருந்து வருவர். ஊராருக்கு எஞ்சுவன காவல், தகடு கழுவல், புல் வெட்டல் ஆகியன. அவையும் ஒப்பந்தக்காரர் வழியாக வருபவை. பாவகடாவுக்குச் சென்ற ஆய்வாளரும் செய்தியாளரும் மீண்டும் மீண்டும் கண்டு எழுதியது இதனையே: காணியுடையார் முகத்தில் நிறைவு, கூலியாள் முகத்திலும் மேய்ப்பவன் முகத்திலும் கவலை.

பழைய நிலை இனியதாய் இருந்ததென்று நாம் கூறவில்லை. வறட்சியிலே உடையவனும் கூலியாளும் ஒருங்கே வாடினர். ஆனால் முன்னர் இருவரையும் பிணித்தது ஒரே மழை. அது வந்தால் இருவருக்கும் வந்தது. இன்று ஒருவனுக்குத் தவறா வருவாய் உண்டு. மற்றவனுக்குப் பழைய கூலியும் இல்லை. ஊரின் மொத்த வருவாய் உயர்ந்தும் ஊருக்குள் இடைவெளி அகன்றது. இது பொறியின் குறையன்று. ஒப்பந்தத்தில் எவர் பெயர் எழுதப்பட்டது, எவர் பெயர் விடுபட்டது என்பதன் விளைவு.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. குத்தகையோடு கூட, ஊரிலுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய பொதுநிதி ஒன்றினை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். விற்கும் ஒவ்வோர் அலகு மின்னுக்கும் ஒரு சிறு பங்கு அதிற் சேரலாம். நிரந்தர வேலைகளில் ஒரு பகுதி காணியில்லாக் குடும்பங்களுக்கென ஒதுக்கி, கட்டும் காலத்திலேயே அவர்தம் பிள்ளைகளுக்கு மின்தொழில் பயிற்றலாம். மேய்ச்சலுக்கு வாயில் திறக்கலாம். இக்கடைசி வழி எவ்வாறு இயலும் என்பதை அடுத்துக் காண்பாம்.

நீரும் நிழலும்

தகட்டின்மேற் புழுதி படிந்தால் ஒளி குன்றும், மின் குன்றும். ஆகையாற் கழுவுதல் வேண்டும். தகடொன்று 350 வாற்று எனக் கொள்ளின், பாவகடாவின் அளவுடைய பண்ணைக்கு ஏறத்தாழ 60 இலட்சம் தகடுகள் வேண்டும். ஒரு தகட்டுக்கு இரண்டு இலீற்றர் நீரே போதுமென வைத்தாலும், ஒருமுறை கழுவ ஒரு கோடியே 20 இலட்சம் இலீற்றர் ஆகும். வெயில் மிக்க இடமே பண்ணைக்கு ஏற்றது. அவ்விடமே நீர் குறைந்த இடமுமாகும். குடிநீருக்குக் குடத்தோடு பெண்கள் காத்திருக்கும் ஊரிலே தகடு கழுவும் நீர் எங்கிருந்து வருகின்றதென்று கேட்பது நியாயமே. நீரை மிச்சப்படுத்தும் வழிகளும் உண்டு. 2016 இலே தமிழ்நாட்டிலே இராமநாதபுர மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாற்று அளவிற் கட்டப்பட்ட பண்ணையிலே, தம் மின்னைத் தாமே பெற்றுக்கொள்ளும் இயந்திரங்கள் தகடுகளைத் துடைக்கின்றன. பொறி துடைத்தால் நீர் மிஞ்சும். கழுவுவோன் கூலி மறையும். இவ்விரண்டையும் சீர்தூக்கியே முடிபு செய்தல் வேண்டும்.

தகடும் பயிரும் ஒரே நிலத்தில் வாழ இயலுமா என்னும் வினாவை 1982 இலே செருமானிய அறிஞர் கெற்சுபேகர் தம் துணையறிஞர் ஒருவரோடு ஆராய்ந்து எழுதினார். தகடுகளை உயர்த்தி, வரிசைகளை அகற்றி நிறுத்தினாற் கீழே பயிர் செய்யலாம் என்பது அவர் கருத்து. இதன் அடிப்படை எளிது. பல பயிர்கள் நண்பகல் வெயில் முழுவதையும் பயன்படுத்துவதில்லை. ஓர் எல்லைக்கு மேல் வரும் ஒளி இலையைச் சூடாக்கி நீரை வற்றச் செய்வதே மிச்சம். அம்மிகையொளியைத் தகடு எடுத்துக்கொள்ள, நிழலிலே மண்ணின் ஈரம் நெடுநேரம் நிற்கும். வாழையின் நிழலிலே இஞ்சியும் மஞ்சளும் வளர்க்கும் நம் தோட்டக்காரருக்கு இது புதிய செய்தியன்று.

யப்பானிலே 2004 முதல் நாகாசிமா அகிரா என்பவர் இம்முறையைச் செயலிற் காட்டினார். 2013 இல் அந்நாட்டுக் கமத்தொழில் அமைச்சு, கமநிலத்தின்மேல் தகடு எழுப்ப இசைவு அளித்தது. ஆயின் ஒரு நிபந்தனை விதித்தது. தகட்டின்கீழ் விளையும் பயிர் அவ்வட்டாரத்துச் சராசரி விளைவில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறைதல் ஆகாது. கமம் பெயரளவில் நிற்க, மின்னே மெய்யாக வாழும் போலித்தனத்தை இவ்விதி தடுக்கின்றது.

இம்முறைக்குச் செலவு மிகுதி. உயர்ந்த தூண்களுக்கு உருக்கு மிகுதியாக வேண்டும்; காற்றின் விசையைத் தாங்க அடித்தளம் வலுவாக இருத்தல் வேண்டும். எல்லாப் பயிரும் நிழலுக்கு இசைவதுமில்லை. நெல்லும் நிலக்கடலையும் வெயிலை விரும்புவன. செலவின்றிச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அதுவே செம்மறி மேய்த்தல். செம்மறி புல்லை மேயும், தகட்டை நாடாது. வெள்ளாடோ தகட்டின்மேல் ஏறும், கம்பியையும் கடிக்கும். அமெரிக்காவிலும் அவுத்திரேலியாவிலும் ஒளிப்பண்ணைகளிலே புல் வெட்டும் வேலையைச் செம்மறி மந்தைகள் செய்து வருகின்றன. வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்ட இடையனை உள்ளே அழைத்துக் கூலியும் கொடுக்கத்தக்க வழி இது. தகட்டின் உயரத்தையும் கம்பி செல்லும் பாதையையும் முதலிலேயே அதற்கேற்பத் திட்டமிட்டால் மாத்திரமே இது கைகூடும்.

நம் நாட்டை நோக்கி

இலங்கையிலும் இவ்வினாக்கள் வாயிலில் வந்து நிற்கின்றன. நாட்டின் மின்னில் நூற்றுக்கு எழுபது பங்கை 2030 அளவிலே மீளப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுதல் அரசின் குறிக்கோள். வெயிலின் வன்மை மிக்கது உலர்வலயம்; கமக்காரர் வாழ்வதும் உலர்வலயமே.

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் இதற்குச் சான்று. போரினால் 2006 இல் இடம்பெயர்ந்த அவ்வூர் மக்கள் 2015 முதல் மீளக் குடியேறினர். அங்கே நிலக்கரி மின்னிலையம் அமைக்க வகுத்த திட்டம் 2016 இற் கைவிடப்பட்டது. 2025 ஏப்பிரில் 5 ஆந் திகதி, இந்தியப் பிரதமரும் இலங்கைச் சனாதிபதியும் சேர்ந்து 120 மெகாவாற்று ஒளிப்பண்ணைக்கான பணிகளைத் தொடக்கி வைத்தனர். கரியிலும் ஒளி மேலானதென்பதில் ஐயமில்லை. இருந்தும், நிலத்தை இழந்து நெடுங்காலம் அலைந்து மீண்ட மக்களிடையே காணி என்னும் சொல்லுக்கு உள்ள கனத்தைத் திட்டம் வகுப்போர் மறத்தல் ஆகாது.

மின்வலையின் பொறுதியையும் கருதவேண்டும். 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை நண்பகலிலே, பாணந்துறை உபநிலையத்திற் குரங்கொன்றால் நேர்ந்த தடங்கல் நாடு முழுவதையும் இருளாக்கியது. தேவை குறைந்திருந்த அந்நேரத்தில் ஞாயிற்றொளி மின்னின் பங்கு வலையில் மிகுந்திருந்தமையால் அதன் தாங்குதிறன் தளர்ந்திருந்ததென மின்சார சபை விளக்கியது. பெரிய சுழற்பொறிகள் தம் பாரத்தாலே அதிர்ச்சியைத் தாங்குவன; தகட்டுக்கு அப்பாரம் இல்லை. ஆகவே பண்ணையோடு மின்கலச் சேமிப்பும் சேர்ந்து வருதல் வேண்டும். பகலில் மிஞ்சுவதை வைத்திருந்து விளக்கேற்றும் நேரத்தில் தருவதற்கும் அதுவே வழி.

காணியைப் பொறுத்தவரை நமக்கு ஒரு நல்ல முன்மாதிரி நம் நாட்டுச் சட்டத்திலேயே உண்டு. 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம், வயலின் சொந்தக்காரன் அல்லாது குத்தகைக்குச் செய்பவனுக்கும் அவ்வயலில் ஓர் உரிமை உண்டென்று ஏற்றது. அச்சட்டம் பின்னர்ப் பலமுறை மாறி, 2000 ஆம் ஆண்டு கமநல அபிவிருத்திச் சட்டமாக வந்துள்ளது. உறுதியில் பெயரில்லாதவனும் நிலத்தோடு தொடர்புடையவனே என்னும் அக்கொள்கையை நெல் வயலினின்றும் ஒளி வயலுக்கு விரிப்பது நம்மால் இயலாத செயலன்று.

ஊரார் கேட்கவேண்டியவை

ஒளிப்பண்ணை அமைக்க எவரேனும் ஓர் ஊருக்கு வரும்போது, ஊரார் கேட்டுத் தெளியவேண்டுவனவற்றை இங்கே தொகுத்துரைப்பாம்.

முதலாவது, காணி விலைக்கா குத்தகைக்கா என்பது. குத்தகையாயின், பணம் செலுத்தும் பொறுப்பு எவருடையது? நிறுவனம் கைமாறின் அப்பொறுப்பு எங்கே செல்லும்?

இரண்டாவது, குத்தகை உயர்வு விலைவாசியோடு இணைந்ததா, அன்றி என்றும் மாறா வீதமா என்பது.

மூன்றாவது, காணியில்லாக் குடும்பங்களுக்கும் மேய்ப்போருக்கும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட பங்கு யாது என்பது. வாய்ச்சொல் பங்காகாது.

நான்காவது, தகடு கழுவும் நீரின் அளவும் ஊற்றும் யாவை. மழைநீர் ஓடும் வழிகளும் குளத்துக்குச் செல்லும் வாய்க்கால்களும் மறிக்கப்படுமா என்பது.

ஐந்தாவது, ஆயுள் முடிந்தபின் தூணையும் கம்பியையும் தகட்டையும் அகற்றி நிலத்தைப் பழைய நிலைக்குக் கொணர்வது எவர் கடன் என்பது. கண்ணாடி, அலுமினியம், வெள்ளி ஆகியவற்றோடு சிறிதளவு ஈயமும் அடங்கியது தகடு. வயலிற் புதைத்தற்கு உரியதன்று. இந்தியாவின் 2022 ஆம் ஆண்டு மின்கழிவு விதிகள் ஒளித்தகட்டையும் தம்முள் அடக்கின. இங்கே, அகற்றும் செலவுக்கான பணத்தை முதல் ஆண்டிலிருந்தே ஒரு வைப்பாகக் கட்டச் செய்தல் நன்று. இருபத்தெட்டு ஆண்டின் பின் அந்நிறுவனம் இருக்குமென எவர் சொல்லவல்லார்?

இவ்வைந்து வினாவும் பொறியியல் மாத்திரம் கற்றவரால் விடுவிக்கத்தக்கனவல்ல. சட்டம் அறிந்தவரும், நில அளவையாளரும், கமத்தொழில் அலுவலரும், கணக்காளரும், ஆசிரியரும் ஒருங்கிருந்து பேசவேண்டும். நம் கல்லூரியின் பழைய மாணவருள் இத்துறைகள் யாவற்றிலும் தேர்ந்தோர் உளர். பலர் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளாய் வந்து கற்றவர்கள். தத்தம் ஊருக்கு அவர்கள் செய்யத்தக்க கைம்மாறு இதனினும் பிறிதொன்று வேண்டுமோ? ஒப்பந்தத் தாள் ஊருக்கு வரும் நாளிலே, பிற மொழியில் எழுதியதைத் தமிழிலே விளக்கி, உடையவனும் கூலியாளும் இடையனும் கூடிய அவையில் வரிவரியாக வாசித்துக் காட்டி, கணக்கைப் போட்டுக் காட்டி, ஐயம் தீர்ந்தபின் கையெழுத்திடச் செய்வார்களாயின் அதுவே போதும்.

இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவர்களும் இத்துறையை விருப்போடு கற்பார்களாக. ஒளி மின்னாகும் வகையைப் பௌதிகவியல் பாடத்திலே கற்கும்போது, அத்தகடு நிற்கப்போகும் மண் எவருடையது என்பதையும் உடன் கேட்கப் பழகுவார்களாயின், அவர்கள் எழுப்பும் பண்ணைகளால் நாடு விளக்குப் பெறும், ஊரும் வாழும்.